நீர்ப்பம்பிகளை அரிக்கும் நீராவிக் குமிழிகள்: நோய் எங்கே, மருந்து எங்கே?

1999 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி ஜப்பானின் தனெகஷிமா ஏவுதளத்திலிருந்து எச்-2 ரக ரொக்கட் ஒன்று செய்மதியொன்றைச் சுமந்து விண்ணை நோக்கிப் புறப்பட்டது. வானிலை அவதானிப்புக்கும் விமானப் போக்குவரத்துக்கும் உதவவேண்டிய செய்மதி அது. புறப்பட்டு நான்கு நிமிடங்கள் அளவில் முதற்கட்ட இயந்திரம் திடீரென நின்றுபோனது. பாதை தவறிய ரொக்கட்டைத் தரையிலிருந்து கட்டளையிட்டு அழிக்கவேண்டியதாயிற்று. ஜப்பானியர் அத்துடன் விட்டுவிடவில்லை. ஒகசவாரா தீவுகளுக்கு அப்பால், பசுபிக் சமுத்திரத்தின் அடியில் ஏறத்தாழ 3,000 மீற்றர் ஆழத்தில் கிடந்த இயந்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்து ஆராய்ந்தனர். திரவ ஐதரசனை இயந்திரத்துக்குள் செலுத்தும் பம்பியின் நுழைவாயிலில் சுழலும் அலகுகளுள் ஒன்று களைப்புற்று முறிந்திருந்தது. அந்த அலகைத் தொடர்ந்து அதிரவைத்து முறித்த காரணிகளுள் முதன்மையானது, பம்பியின் வாயிலில் உருவாகிச் சுழன்ற ஆவிக் குமிழிகளே என விசாரணை முடிவு தெரிவித்தது.

நிமிடத்துக்கு 40,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அந்த ரொக்கட் பம்பிக்கும், நமது ஊரில் கிணற்றுக்கட்டில் இருந்து மிளகாய்க் கன்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் நீரிறைக்கும் பம்பிக்கும் தொடர்பு யாது என வாசகர்கள் வினவக்கூடும். இரண்டையும் பீடிக்கும் நோய் ஒன்றே என்பதே அதற்கான விடை. ஆங்கிலத்தில் 'கவிற்றேஷன்' என வழங்கும் இதனைத் தமிழில் 'குழிவாக்கம்' எனலாம். நீரோட்டத்தினுள்ளே வெறுமையான குழிகள், அதாவது ஆவி நிறைந்த குமிழிகள், தோன்றி மறைவதையே இச்சொல் குறிக்கின்றது. பம்பிக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற இரைச்சல், குறைந்துகொண்டே போகும் நீர், ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டியிருக்கும் இம்பெலர் என்று இந்நோயின் குறிகள் பலருக்கும் பழக்கமானவை. ஆனால், அதன் மூலம் எங்கே இருக்கின்றது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. அறியாததால் பம்பியைக் குற்றஞ்சாட்டிப் புதியதொன்றை வாங்குகின்றனர். புதியதும் அதே ஓசையை எழுப்புகின்றது. இந்த வீண்செலவைத் தவிர்க்கவேண்டுமாயின், குழிவாக்கம் ஏன் நிகழ்கின்றது என்பதைச் சற்று நிதானமாக நோக்குதல் அவசியமாகும்.

பம்பி நீரை இழுப்பதில்லை

பம்பியானது கிணற்று நீரை மேல்நோக்கி இழுக்கின்றது என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். உண்மையில் நீரை எவராலும் கயிறுபோற் பிடித்து இழுக்க முடியாது. பம்பி செய்வதெல்லாம் உறிஞ்சு குழாயின் மேல்முனையில் அமுக்கத்தைக் குறைப்பது மாத்திரமே. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரைக் குழாய்வழியே மேலே தள்ளி அனுப்புகின்றது. ஆகவே, வளிமண்டலத்தால் தள்ளக்கூடிய உயரத்துக்கு அப்பால், எத்தனை குதிரைவலுப் பம்பியை வைத்தாலும் நீர் ஏறாது.

இவ்வுண்மைக்கு ஓர் அழகிய வரலாறு உண்டு. இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ 1638 இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' என்ற உரையாடல் நூலில் வரும் பாத்திரங்களுள் ஒருவர் தமது அனுபவமொன்றைக் கூறுகின்றார். நீர்த்தொட்டியில் நீர் நிறைந்திருந்தபோது நன்கு இயங்கிய பம்பி, நீர்மட்டம் தாழ்ந்ததும் இயங்க மறுத்தது. பம்பி பழுதாகிவிட்டதென எண்ணி அவர் தொழிலாளி ஒருவரை அழைத்தார். வந்தவரோ, குறை பம்பியில் இல்லை; நீர் ஏற்றமுடியாத அளவு தாழ்ந்துவிட்டதே குறை என்றார். ஏறத்தாழ 18 முழத்துக்கு மேல் எந்தப் பம்பியாலும் நீரை உறிஞ்ச இயலாது என்பதும் அத்தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியின் தீர்ப்பு, ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் நமது கிணற்றடிகளுக்கு அப்படியே பொருந்துகின்றது.

அந்த எல்லைக்கான காரணத்தைக் கலிலியோவால் சரியாகக் கூற இயலவில்லை. தனது பாரத்தைத் தாங்கமுடியாமல் கயிறு அறுவது போல நீர்நிரலும் அறுகின்றது என்றே அவர் விளக்கம் கண்டார். அவரது வழிவந்த டொரிசெல்லியே 1640 களில் இரசத்தைக் கொண்டு செய்த பரிசோதனையின் மூலம் வளிமண்டல அமுக்கத்தின் அளவை நிறுவினார். கடல்மட்டத்தில் வளிமண்டலம் 760 மில்லிமீற்றர் இரச நிரலைத் தாங்கும்; நீராயின் 10.3 மீற்றர், அதாவது ஏறத்தாழ 34 அடி. இதுவே நமது கையிருப்பு. நீரை மேலேற்றும் ஒவ்வொரு செலவும் இந்தக் கையிருப்பிலிருந்தே கழிக்கப்படவேண்டும். மலைநாட்டில் இக்கையிருப்பு இன்னும் சுருங்கும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டலம் தாங்கும் நீர்நிரல் சுமார் 8.2 மீற்றர் மாத்திரமே. யாழ்ப்பாணத்திலோ கற்பிட்டியிலோ ஒழுங்காக இயங்கும் அதே பம்பி, அதே குழாயுடன் மலையகத் தோட்டமொன்றில் இரைச்சலிடுமாயின் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

நெருப்பின்றிக் கொதிக்கும் நீர்

நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கின்றோம். அது கடல்மட்டத்து அமுக்கத்துக்கே உரிய கணக்காகும். அமுக்கம் குறையக் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். மலையுச்சியில் சோறு வேகத் தாமதமாவதும் இதனாலேயே. அமுக்கத்தைப் போதியளவு குறைத்துவிட்டால், நெருப்பே இல்லாமல் 30 பாகையிலும் நீர் கொதித்து ஆவியாகும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீர் ஆவியாகத் தொடங்கும் அந்த எல்லை அமுக்கத்தை ஆவியமுக்கம் என்பர். நீர்நிரலின் உயரமாகக் கூறுவதாயின் 30 பாகையில் அது ஏறத்தாழ 0.4 மீற்றர், 60 பாகையில் 2 மீற்றர், 80 பாகையில் 4.8 மீற்றர். சூடான நீரைக் கையாளும் ஆலைகளிலும் விடுதிகளிலும் பம்பிகள் விரைவில் குழிவாக்கத்துக்கு ஆளாவதன் காரணத்தை இவ்வெண்களே சொல்லிவிடுகின்றன.

இனிப் பம்பியின் உள்ளே செல்வோம். நம்மிடையே பெரிதும் புழங்கும் மையநீக்கப் பம்பியில் 'இம்பெலர்' எனப்படும் அலகுகள் கொண்ட சில்லு வேகமாகச் சுழல்கின்றது. நீர் அதன் நடுவிலுள்ள கண்வழியே நுழைந்து, அலகுகளால் விளிம்பை நோக்கி வீசப்பட்டு, அமுக்கம் பெற்று வெளியேறுகின்றது. பம்பி முழுவதிலும் அமுக்கம் மிகக்குறைந்த இடம், நீர் அலகுகளின் முன்விளிம்பைக் கடக்கும் அந்த நுழைவாயே. அங்கே நீரின் அமுக்கம் ஆவியமுக்கத்திலும் தாழ்ந்துவிட்டால் நீர் அக்கணமே கொதித்துக் குமிழிகளாகின்றது. குமிழிகள் தோன்றிய இடத்தில் நிற்பதில்லை. நீரோட்டம் அவற்றை அமுக்கம் மிகுந்த பகுதிக்கு அடித்துச் செல்கின்றது. அங்கே ஆவி மீண்டும் நீராகிவிட, சுற்றியுள்ள நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் அந்த வெற்றிடத்தை நோக்கிப் பாய்ந்து மோதுகின்றது. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் குமிழி நொறுங்கிவிடும்.

நொறுங்கும் குமிழி அலகின் பரப்புக்கு அண்மையில் இருக்குமாயின் அது சீராகச் சுருங்குவதில்லை. உலோகத்தை நோக்கி ஊசிபோன்றதொரு நீர்த்தாரை செக்கனுக்கு 100 மீற்றர் அளவிலும் அதற்கு மேலும் வேகங்கொண்டு பாய்கின்றது. அதனுடன் அதிர்ச்சியலையும் எழுகின்றது. தாக்கப்படும் புள்ளியோ கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. ஆனால், இத்தாக்குதல் மணிக்கணக்காக, நாட்கணக்காக ஓயாமல் நிகழும்போது வார்ப்பிரும்பும் வெண்கலமும் உருக்கும் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து போகின்றன.

கப்பலில் தொடங்கிய ஆராய்ச்சி

இந்நோயை உலகம் முதலில் அடையாளங் கண்டது பம்பிகளில் அன்று, கப்பல்களிலேயே. 1893 இல் பிரித்தானியக் கடற்படையின் 'டேரிங்' என்ற நாசகாரிக் கப்பல், அதன் இயந்திர வலுவுக்கேற்ற வேகத்தைப் பரீட்சார்த்த ஓட்டங்களில் எட்டத் தவறியது. உந்துவிசிறி நீருக்குப் பதிலாகத் தானே உண்டாக்கிய வெற்றிடத்தில் சுழன்றுகொண்டிருந்ததே காரணமெனக் கண்டறியப்பட்டது. 'கவிற்றேஷன்' என்ற சொல்லை ஆர்.ஈ. ஃபுரூட் என்ற கப்பற் பொறியியலாளர் முன்மொழிந்ததும் இக்காலத்திலேயே. 1894 இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் தாம் கண்டுபிடித்த நீராவிச் சுழலியைப் பூட்டி 'டர்பீனியா' என்ற சிறு கப்பலை நீரில் இறக்கினார். அதுவும் ஆரம்பத்தில் மணிக்கு 20 கடல்மைல் வேகத்தை எட்டவே திணறியது.

பார்சன்ஸ் இயந்திரத்தின் வலுவைக் கூட்ட முயலவில்லை. 1895 இல் சிறியதொரு நீர்ச்சுற்றை அமைத்து, அதனுள் அமுக்கத்தைக் குறைத்து, உந்துவிசிறியைச் சுழலவிட்டு, குமிழிகள் எங்கே பிறக்கின்றன என்பதைக் கண்ணாடிவழியே அவதானித்தார். பின்னர் ஒற்றைத் தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்திச் சுமையைப் பங்கிட்டார். 1897 ஜூனில் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், எந்தக் காவற்படகாலும் துரத்திப் பிடிக்கமுடியாத வேகத்தில் டர்பீனியா ஓடிக்காட்டியது. அதன் உச்சவேகம் மணிக்கு 34 கடல்மைல் அளவினதாகும். 1917 இல் றேலி பிரபு, நொறுங்கும் குமிழியைச் சுற்றியுள்ள நீரில் எழும் அமுக்கத்தைக் கணித விதிகளால் கணக்கிட்டு, அது வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரக்கணக்கான மடங்காக உயரலாம் என நிறுவினார். உந்துவிசிறிகளின் உலோகம் ஏன் தின்னப்படுகின்றது என்ற வினாவுக்கு அக்கணக்கே விடையாயிற்று. வலுவைக் கூட்டாமல் நீர் வந்துசேரும் நிலைமையைச் சீராக்கிய பார்சன்ஸின் வழியே இன்றும் பம்பிகளுக்குரிய வழி என்பதை இங்கே மனதிற் கொள்ளவேண்டும்.

நோயின் குறிகள்

குழிவாக்கத்தின் முதற்குறி ஓசை. ஆயிரக்கணக்கான குமிழிகள் நொறுங்குவதால் எழும் அவ்வோசை, பம்பிக்குள் சரளைக்கற்களை அள்ளிப் போட்டது போலிருக்கும். இரண்டாவது, நீரின் அளவும் அமுக்கமும் குறைதல். நீர் செல்லவேண்டிய வழியை ஆவி அடைத்துக்கொள்வதால், ஒரு மணிநேரத்தில் முடியவேண்டிய இறைப்பு நீண்டுகொண்டே போகும்; மின்கட்டணமும் எரிபொருட் செலவும் அதற்கேற்ப ஏறும். மூன்றாவது அதிர்வு. நீரும் ஆவியும் மாறிமாறி வருவதால் தண்டு சீராகச் சுழலாது. பெயாரிங்குகள் தேய்ந்து, தண்டைச் சுற்றியுள்ள நீர்த்தடுப்பு 'சீல்' பழுதாகி, பம்பியிலிருந்து நீர் கசியத் தொடங்கும். சீலை மாற்றியதும் கசிவு நிற்கும். சில மாதங்களில் மீண்டும் தொடங்கும். இறுதியாக வருவது இம்பெலரின் அரிப்பு.

இக்குறிகளை வேறு கோளாறுகளுடன் குழப்பிக்கொள்ளலாகாது. உறிஞ்சு குழாயின் பொருத்துகளில் ஓட்டை இருந்து காற்று நுழைந்தாலும் பம்பி இரையும், நீர் குறையும். ஆனால் காற்று பம்பிக்குள் நீராக மாறிவிடுவதில்லை. எனவே வெளியேறும் நீருடன் அது பொங்கிப் பொங்கி வரும். குழிவாக்கத்தின் ஆவிக் குமிழிகளோ பம்பிக்குள்ளேயே மறைந்துவிடுவதால் வெளிவரும் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இன்னுமொரு சோதனையும் உண்டு. மையநீக்கப் பம்பியின் வெளியேற்றுப் பக்க வால்வைச் சிறிது சிறிதாக மூடிப்பார்க்கும்போது சரளைக்கல் ஓசை அடங்குமாயின், நோய் குழிவாக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கழற்றிய இம்பெலரைப் பார்ப்பதும் பயன்தரும். மணல் கலந்த நீரால் தேய்ந்த உலோகம் வழவழப்பாகவும் நீரோடிய திசையில் கோடு விழுந்ததாகவும் இருக்கும். துரு பரந்து படியும், சுரண்டினால் உதிரும். குழிவாக்கம் தின்ற இடமோ கடற்பஞ்சு போன்று பொந்து பொந்தாக, கூர்மையான விளிம்புகளுடன், பெரும்பாலும் அலகின் நுழைவாய்ப் பக்கத்தில் திட்டாகக் காணப்படும். பழுதுபார்ப்போர் கழற்றிய உதிரிப்பாகத்தைக் குப்பையில் வீசுமுன் உரிமையாளர் அதனை ஒருமுறை கையிலெடுத்துப் பார்ப்பாராயின், அடுத்த பாகமும் அதே கதிக்கு ஆளாகுமா என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கு

பம்பி நுழைவாயிலில் நீருக்கு எஞ்சியிருக்கும் அமுக்கத்தைக் கணக்கிடுவது கடினமன்று. கையிருப்பான 10.3 மீற்றரிலிருந்து மூன்று செலவுகளைக் கழிக்கவேண்டும். ஒன்று, நீரின் ஆவியமுக்கம். இரண்டு, நீர்மட்டத்திலிருந்து பம்பி வரையுள்ள உயரம். மூன்று, உறிஞ்சு குழாயிலும் அடிவால்விலும் வளைவுகளிலும் நீர் உராய்வதால் ஏற்படும் இழப்பு. எஞ்சுவது பம்பிக்குத் தேவையான அளவிலும் கூடுதலாக இருத்தல் வேண்டும். இத்தேவையைப் பொறியியலாளர்கள் 'என்.பி.எஸ்.எச்.' என்ற எழுத்துகளால் குறிப்பர். பம்பி உற்பத்தியாளரின் வரைபுகளில் இவ்வெண் காணப்படும்.

உதாரணமாகக் கடற்கரையோரக் கிராமமொன்றின் கிணற்றை எடுத்துக்கொள்வோம். நீரின் வெப்பநிலை 30 பாகை. உராய்வு இழப்பு 1.5 மீற்றர், பம்பியின் தேவை 3 மீற்றர் என வைத்துக்கொள்வோம். மாரி முடிந்த தை மாதத்தில் நீர்மட்டம் பம்பிக்கு 4 மீற்றர் கீழே இருக்கின்றது. 10.3 இலிருந்து 0.4, 4, 1.5 ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 4.4 மீற்றர். பம்பி அமைதியாக ஓடும். ஆவணி மாதத்தில் நீர்மட்டம் 6 மீற்றருக்குத் தாழ்ந்துவிடுகின்றது. இப்போது எஞ்சுவது 2.4 மீற்றர் மாத்திரமே. தேவையோ 3 மீற்றர். தையில் நல்ல பம்பியாக இருந்தது ஆவணியில் 'பழுதான' பம்பியாகின்றது. பம்பியில் எந்த மாற்றமும் நிகழவில்லை, மாறியது நீர்மட்டமே.

இந்நிலையில் அநேகர் செய்வது கூடுதல் குதிரைவலுவுள்ள பம்பியொன்றை வாங்கி அதே குழாயில் பொருத்துவதாகும். இதைவிடப் பிழையான மருந்து வேறில்லை. உராய்வு இழப்பு நீரின் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவது. நீரை இருமடங்காக எடுக்க முயன்றால் இழப்பு நான்கு மடங்காகும்; மேற்சொன்ன 1.5 மீற்றர் 6 மீற்றராகிவிடும். அதற்கு இடமளிக்கக் கையிருப்பில் எதுவும் மிஞ்சியிருக்காது. அத்துடன் கூடுதல் நீரை எடுக்கும் பம்பியின் நுழைவாய்த் தேவையும் கூடவே உயர்கின்றது. வரவு சுருங்கி, செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான்.

மாறாக, பம்பியைத் தொடாமல், ஒன்றரை அங்குல உறிஞ்சு குழாயை இரண்டு அங்குலமாக மாற்றினால் என்ன நிகழும்? அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு 1.5 மீற்றரிலிருந்து அரை மீற்றருக்கும் குறைந்துவிடும். எஞ்சும் அமுக்கம் 2.4 இலிருந்து 3.4 மீற்றருக்கு மேல் உயரும். பம்பியின் ஓசை அடங்கும். சில மீற்றர் குழாயின் விலைக்கும் புதிய பம்பியின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் எடுத்துக்கூறத் தேவையில்லை. எனினும் தேவையைச் சரியாக எட்டிப்பிடித்தால் போதுமென்று நினைக்கலாகாது. வரைபுகளில் குறிக்கப்படும் எண், பம்பியின் திறன் ஏற்கனவே 3 வீதம் வீழ்ந்துவிட்ட நிலைக்குரியது. அந்த எல்லையில் குமிழிகள் முன்னரே பிறந்துவிட்டிருக்கும். ஆகவே, ஒரு மீற்றரளவேனும் மிகுதி வைத்துக்கொள்வது நன்று.

பரிகாரங்களும் ஓர் எச்சரிக்கையும்

இக்கணக்கை விளங்கிக்கொண்டால் பரிகாரங்கள் தாமாகவே புலப்படும். உறிஞ்சு குழாயை இயன்றளவு குறுகியதாகவும் அகலமாகவும் வளைவுகள் குறைந்ததாகவும் அமைத்தல் வேண்டும். பம்பியின் வாயிலேயே 'எல்போ' வளைவைப் பொருத்தாமல், சிறிது தூரம் நேர்குழாயை விடவேண்டும். அடிவால்வின் சல்லடையில் பாசியும் சேறும் அடைத்துள்ளனவா என்பதைப் பருவந்தோறும் பார்க்கவேண்டும். சல்லடை அடைபட்ட பம்பிக்கும் ஆழங்கூடிய கிணற்றிலுள்ள பம்பிக்கும் வேறுபாடு இல்லை. நீரின் அளவைக் குறைக்க விரும்பின் வெளியேற்றுப் பக்க வால்வையே மூடவேண்டும். உறிஞ்சு பக்க வால்வை ஒருபோதும் மூடலாகாது. மேலே நீர்த்தாங்கிக்கு ஏற்றவென வாங்கிய பம்பியைத் தரைமட்டத்தில் தடையின்றி ஓடவிட்டால், அது தன் அளவுக்கு மீறிய நீரை எடுக்க முயன்று குழிவாக்கத்தில் விழும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். துருப்பிடிக்காத உருக்காலான இம்பெலர் வார்ப்பிரும்பிலும் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும். ஆயினும் அது நோயைத் தாங்கும் வலிமையே தவிர நோய்க்கு மருந்தாகாது.

பம்பியை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கி வைப்பது கணக்கின்படி மிகச்சிறந்த பரிகாரம். இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூறவேண்டியுள்ளது. மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ டீசலிலோ இயங்கும் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது உயிராபத்தானது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. காற்றோட்டமில்லாத கிணற்றில் அது தங்கிநிற்கும். இறங்கியவர் மயங்கி வீழ்வதும், காப்பாற்ற இறங்கியவரும் அவருடன் மடிவதும் இவ்வாறே நேர்கின்றன. மின்பம்பியைப் பாதுகாப்பற்ற வயர்களுடன் ஈரமான கிணற்றுப் படியில் வைப்பதும் அதேயளவு ஆபத்தானது. சில ஆயிரம் ரூபா இம்பெலரைக் காக்கப்போய் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

நீர்மட்டம் 7, 8 மீற்றருக்குக் கீழே இறங்கிவிடும் கிணறுகளுக்கு உரியது நீரில் மூழ்கி இயங்கும் பம்பியே. அது நீரை உறிஞ்சுவதில்லை; தலைக்கு மேலுள்ள நீரே அதன் வாய்க்கு அமுக்கத்தைத் தருகின்றது. எனினும் அதிலும் ஒரு யோசனை வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படையிலும் கற்பிட்டியின் மணற் படையிலும் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கின்றது. எல்லையின்றி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறிவிடும். கிணற்றுக்கட்டில் இருக்கும் பம்பி ஆழத்துக்கு எட்டாமல் இரையும்போது, அதனை ஓரளவு நீர்மட்டத்தின் எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். மூழ்கு பம்பிக்கு அந்த எச்சரிக்கைக் குரல் எளிதில் எழுவதில்லை. ஆகவே, அதனைப் பொருத்துவோர் எவ்வளவு நீரை, எத்தனை மணிநேரம் எடுப்பது என்பதைத் தாமே வரையறுத்துக்கொள்ளவேண்டும்.

தமிழில் வரவேண்டிய அறிவு

இவ்விடயத்தை ஆசிரியர் பக்கத்தில் எழுதவேண்டியது ஏன் எனச் சிலர் கேட்கலாம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டதை நமது விவசாயிகளும் மீனவர்களும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டில் உதிரிப்பாகங்களும் எட்டாத விலைக்கு ஏறின. இறைப்புச் செலவு என்பது சிறு விவசாயியின் வரவு செலவில் ஒரு மூலையில் கிடக்கும் கணக்கன்று. பயிரிடுவதா, நிலத்தைத் தரிசாக விடுவதா என்பதையே அது தீர்மானிக்கின்றது. பம்பி எரிக்கும் எரிபொருளில் ஒரு பகுதி நீரை ஏற்றாமல், பம்பியையே தின்னும் குமிழிகளை உண்டாக்கச் செலவாகுமாயின் அதனைவிடப் பெரிய வீண்விரயம் வேறென்ன இருக்கமுடியும்?

ஆனால் இதைத் தடுப்பதற்குரிய அறிவு பயன்படுத்துவோரின் மொழியில் கிடைப்பது அரிதாகவே உள்ளது. சந்தைக்கு வரும் பம்பிகள் பலவற்றின் கையேடுகள் தமிழில் இருப்பதில்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் குதிரைவலுவும் உச்ச உயரமும் அச்சிடப்பட்டிருக்கும். நீரை எத்தனை மீற்றர் மேலே ஏற்றும் என்று கூறும் அந்த எண்ணைக் கண்டு, அத்தனை மீற்றர் கீழிருந்தும் அது உறிஞ்சும் என வாங்குபவர் எண்ணிவிடுகின்றார். இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதை விற்பனையாளர் ஒரு வார்த்தை சொன்னாற் போதும். உறிஞ்சும் உயரத்தின் எல்லையையும், பொருத்தவேண்டிய குழாயின் அளவையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பது இறக்குமதியாளருக்குப் பெருஞ்செலவன்று. தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும், பம்பியைக் கழற்றிப் பூட்டும் பயிற்சியுடன் மேற்சொன்ன கழித்தற் கணக்கையும் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். கமக்காரர் அமைப்புகள் கோடைக்கு முன்னர் கூடும் கூட்டமொன்றில் இதற்கென அரைமணி நேரத்தை ஒதுக்குதல் நன்று.

வாசகர்கள் தம்மளவில் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்தமுறை பம்பி இரையும்போது, அதைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுமுன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். உறிஞ்சு குழாயின் விட்டத்தையும் வளைவுகளையும் எண்ணுங்கள். அடிவால்வைத் தூக்கிச் சல்லடையைக் கழுவுங்கள். அதன் பின்னரும் ஓசை அடங்கவில்லையாயின் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அளந்த எண்களையும் அவரிடம் கொடுங்கள். கலிலியோவின் நூலில் வரும் அந்தத் தொழிலாளியைப் போன்று, குறை பம்பியில் இல்லை என்று துணிந்து கூறக்கூடிய பழுதுபார்ப்போர் ஊர்தோறும் பெருகவேண்டும். அவ்வாறு கூறுபவரின் சொல்லைக் கேட்டுக் குழாயை மாற்றுவோரும் பெருகவேண்டும் என்பதே நமது விருப்பம்.